டிரம்முக்கு ஒரு மூடி

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை. பெஞ்சில் பக்கத்தில் இருந்த தம்பி போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர். குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டார்: "அண்ணாச்சி, பொது சுகாதாரத்துக்குன்னு தனியா ஒரு துறை எதுக்கு? ஆஸ்பத்திரிதான் இருக்குல்லா?"

இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க மெட்ராஸ் மாகாணத்துக்கே அறுபது வருஷம் பக்கமாகப் பிடித்தது. "ரெண்டு டீ சொல்லுங்க தம்பி" என்றேன்.

முதலில் கடலைப் பார்ப்போம். எதிரே தெரிகிற தண்ணீருக்கு அடியில் தொலையிரம் பார் போன்ற முத்துப் பார்கள் இருக்கின்றன. சிப்பி விளைந்த வருஷங்களில் அரசாங்கம் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, அறிவிக்கும். நேற்றுவரை வெறும் மணல் கிடந்த கரையில் ஓர் ஊரே முளைத்துவிடும். பரதவர், கீழக்கரைக் குளியாட்கள், வியாபாரிகள், வட்டிக்காரர்கள், சோற்றுக்கடைகள், போலீஸ். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, மிச்சம் குளித்தவர்களுக்கு. அரசுப் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். எடுத்தவர் அதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். கொட்டு என்கிற அடைப்புகளில் குவித்து அழுக விடுவார். சதை கரைந்து, புழு வைத்து, நாள் கணக்கில் நாறியபிறகு கழுவினால் முத்து தனியே வரும்.

அந்தக் குவியலுக்குப் பக்கத்திலேயே சமையல், அங்கேயே படுக்கை. ஈ மொய்க்கிறது, குடிதண்ணீர் தட்டுப்பாடு, ஆயிரக்கணக்கான பேருக்கு ஒதுங்க இடம் கிடையாது. காலராவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரிதான். மன்னார் வளைகுடாவின் முத்து முகாம்களை அது கலைத்ததும் உண்டு.

முகாமோடு ஒரு கொட்டகை ஆஸ்பத்திரி, டாக்டர், துப்புரவு ஆட்கள் என்று ஏற்பாடு வந்தது இதனால்தான். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிற கடல்கட்டிக்கே சிப்பியில் பங்கு கொடுத்த நிர்வாகம், டாக்டர் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்குமா? ஆனால் சலாபம் முடிந்த மறுநாள் கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள். டாக்டர் ஊர் போய்ச் சேருவார். எந்தக் கிணறு கெட்டது, எந்தப் பக்கம் நோய் முதலில் வந்தது என்று அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவரோடு போய்விடும். அடுத்த சலாபம் எப்போது என்று சிப்பிக்குத்தான் தெரியும். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் அது நடக்கவே இல்லை.

"அப்போ துறைன்னா எதைச் சொல்லுதீங்க?" என்றார் தம்பி.

"பயம் போன பிறகும் சம்பளம் வாங்குற ஆளு" என்றேன். சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் போர்க்காலத்தில், 1942-இல், ராணுவப் பயிற்சி முகாம்களைச் சுற்றி மலேரியாவை ஒடுக்க ஒரு தற்காலிக அலுவலகம் வைத்தார்கள். போர் முடிந்தது. நம் சலாபக் கொட்டகை போல அதைப் பிரிக்காமல், 1946-இல் நிரந்தரமாக்கினார்கள். இன்று உலகமே பேர் சொல்கிற சிடிசி என்கிற நோய்த் தடுப்பு மையம் அதுதான். தலைநகரை விட்டுத் தெற்கே அட்லாண்டாவில் அது உட்கார்ந்ததற்குக் காரணம், மலேரியாக் கொசு இருந்தது தெற்கே என்பதுதான்.

டீ வந்தது. இந்தத் தேயிலைக்கும் நம் கதையில் ஒரு பங்கு உண்டு. மணியாச்சியிலிருந்து ரயிலில் வந்தால் தூத்துக்குடிக்கு முன்னால் தட்டப்பாறை வரும். இங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் ஓடிய காலத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற கூலி ஜனங்களை அங்கே ஒரு முகாமில் நாள் கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். மண் நம்முடையது, முகாமை நடத்தியது இலங்கை அரசு. 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறந்தபின் மண்டபம் முகாம் பெரிதானது. அம்மை குத்துவது, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுப்பது, பிறகு காத்திருக்க வைப்பது. பிற்காலத்தில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் இறங்கியதும் அதே மண்டபம் முகாமில்தான் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த முகாம்கள் வேலையைச் சுத்தமாகத்தான் செய்தன. யாருக்காகச் செய்தன என்று கேட்க வேண்டும். தோட்டத்துக்குள் நோய் வரக்கூடாது என்பது பணம் போட்டவர்களின் பயம். புறப்பட்டு வந்தவரின் கிராமத்துக் கிணறு எப்படி இருக்கிறது என்பது முகாமின் கணக்கில் வராது. மெட்ராஸில் 1864-இல் வைத்த சுகாதார ஆணையமும் இப்படிப் பிறந்ததுதான். இந்தியாவில் இருந்த வெள்ளைச் சிப்பாய்களில் வருஷத்துக்கு ஆயிரத்துக்கு 69 பேர் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு விசாரணைக் குழு கண்டு சொன்னபிறகு விழித்த விழிப்பு அது. அதிலும் சுகாதார ஆணையருக்கு இருந்தது யோசனை சொல்கிற உரிமை மட்டும். இந்தக் குளம் கெட்டிருக்கிறது என்று அறிக்கை எழுதலாம். மூட வைக்க முடியாது. கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட் இருக்கிறதே, அது அப்படிப்பட்ட ஆணையர் ஒருவரின் பெயரால் வந்தது. கெட்டிக்காரர்கள் இல்லாமல் இல்லை, கையில் அதிகாரம்தான் இல்லை.

1922-இல் மெட்ராஸ் மாகாணம் அதை மாற்றியது. பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகம். ஏ. ஜே. எச். ரஸ்ஸல் அதன் முதல் இயக்குநர். மாவட்டந்தோறும் சுகாதார அலுவலர்கள் வந்தார்கள்.

தம்பியின் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. ஒரே கூரைக்குள் ஆஸ்பத்திரியையும் சுகாதாரத்தையும் வைத்துப் பாருங்கள். வாசலில் ரத்தம் ஒழுக ஒருவர் நிற்கிறார். நாலு தெரு தள்ளி ஒரு கிணற்றுக்குக் குளோரின் போட வேண்டும். எந்த டாக்டர் கிணற்றுக்குப் போவார்? போகவும் கூடாது. பணமும் அப்படித்தான் போகும். படுக்கை வாங்கவா, கால்வாய் தூர் வாரவா என்று ஒரே பெட்டியிலிருந்து எடுத்தால் படுக்கைதான் ஜெயிக்கும். அதனால் கிணற்றுக்கென்று தனி நாற்காலி, தனிப் பெட்டி, அதற்கென்றே படித்த ஆள் வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு பல மாநிலங்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டன. தமிழ்நாடு கலக்கவில்லை. நம் நிர்வாகம் செய்த உருப்படியான காரியங்களில் இதற்கு நான் முன்வரிசை கொடுப்பேன்.

நாற்காலி வந்தது, சட்டம் வர இன்னும் பதினேழு வருஷம் ஆனது. 1939-இல் வந்த மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அந்த வகையில் முதல் சட்டம். கெட்ட கிணற்றை மூடச் சொல்லலாம், நோய் வந்த வீட்டுக்குள் நுழைந்து பார்க்கலாம், எந்தெந்த நோயை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாம். திருவிழா, சந்தைகளுக்கென்றே அதில் தனி ஏற்பாடு உண்டு. பனிமய மாதா திருவிழாவுக்கு ஆகஸ்டில் கூட்டம் சேரும்போதும், திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்கும் குலசை தசராவுக்கும் சனம் குவியும்போதும் தண்ணீர்த் தொட்டியில் குளோரின் பார்க்கிற ஆள் வருகிறாரே, அவர் நம்மிடம் தயவு கேட்டு வரவில்லை, சட்டத்தோடு வருகிறார். மலபார் கேரளத்துக்குப் போன பிறகும் அங்கே இந்தச் சட்டம்தான் 2023 வரை இருந்தது. பிறகுதான் கேரளா தனக்கென்று புதிதாக எழுதிக்கொண்டது.

"அப்போ இயக்குநரும் சட்டமும் வந்தா போதும்?"

போதாது. குழாயில் தண்ணீர் வராத ஊரில் குளோரின் எங்கே போடுவது? தூத்துக்குடிக்குத் தாமிரபரணித் தண்ணீரை வல்லநாட்டிலிருந்து கொண்டுவர நகரசபைத் தலைவர் குரூஸ் பர்னாந்து பாடுபட்டாரே, அந்த வேலை எந்தச் சுகாதாரத் துறையின் கணக்கிலும் வராது. ஆனால் அந்தக் குழாய் தடுத்த வாந்திபேதியை எந்த ஆஸ்பத்திரியும் தடுத்திருக்காது.

இன்னொரு சிக்கல் எல்லை. வ.உ.சி. துறைமுகத்துக்கு வெளிநாட்டுக் கப்பல் வந்தால், கப்பலில் யாருக்காவது நோய் உண்டா இல்லையா என்று கேப்டன் எழுதிக் கொடுத்து, மத்திய அரசின் துறைமுக சுகாதார அலுவலர் அனுமதித்த பிறகுதான் கரையோடு உறவு. மஞ்சள் கொடி ஏற்றினால் 'என் கப்பலில் நோய் இல்லை, அனுமதி கொடுங்கள்' என்று பொருள். நோய்க் கப்பல் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உலக சுகாதார விதிகளின்படி துறைமுகத்தைச் சுற்றி 400 மீட்டருக்காவது ஏடிஸ் கொசு இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் கிடையாது, அதைப் பரப்புகிற கொசு மட்டும் தாராளமாக உண்டு. துறைமுகத்துக்குள் மத்திய அரசு, தெருவில் மாநகராட்சி, கிராமத்தில் மாநிலத் துறை. கொசுவுக்கு இந்த எல்லைகள் எதுவும் தெரியாது. ஆகவே யார் யாருக்கு முதலில் போன் செய்வது என்பதை நோய் வருவதற்கு முன்பே முடிவு செய்து வைத்திருந்தால்தான் அமைப்பு பிழைக்கும்.

வேலை நன்றாக நடந்தால் பேரும் கிடைக்காது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை முகாம்களில் ஜனங்கள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். எல்லோரும் பயந்த கொள்ளைநோய் வரவில்லை. வராததற்கு யார் போட்டோ எடுப்பார்கள்?

தம்பி குறிப்பேட்டில் 1922, 1939 இரண்டையும் வட்டம் போட்டுக்கொண்டார். டீ ஆறிப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து, தோளில் பையும் கையில் டார்ச்சுமாக ஒரு அம்மா கடைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தார். பகலில் டார்ச் எதற்கு என்று தம்பி என்னைப் பார்த்தார். கடைக்காரர் பார்த்தது வேறு. பாய்லரை அப்படியே விட்டுவிட்டு ஓடி, தண்ணீர் டிரம் மேல் தகர மூடியைத் தூக்கி வைத்தார்.

"நேத்தும் மூடிதான் வச்சிருந்தேன் மேடம்."

"நேத்து நான் வரலையே" என்றார் அந்த அம்மா, மூடியைத் திறந்து டார்ச்சை உள்ளே அடித்தபடி.