ஓர் எழுத்து மாறினால்...

"ஒரே ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகிவிடும், சார்?" மரபணு பற்றி நடத்தும்போது மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. விடையைக் கரும்பலகையிலேயே காட்டலாம்.

இடைவெளி விடாமல் 'தம்பிபழம்வாங்கு' என எழுதி, மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கச் சொல்லுங்கள்: தம்பி, பழம், வாங்கு. ஐந்தாம் எழுத்தை 'ண' ஆக்கினால் 'தம்பி பணம் வாங்கு', பொருளே மாறிவிட்டது. மாற்றாமல் நான்காம் எழுத்தை நீக்கினால் 'தம்பி, ழம்வா, ங்கு'. அதன்பின் எதுவும் பொருள் தராது.

செல்லும் இப்படித்தான் படிக்கிறது. உட்கருவிலுள்ள டி.என்.ஏ., தலைமையாசிரியர் அறையில் பூட்டி வைத்த பதிவேடு போன்றது, வெளியே வராது. தேவையான பகுதி மட்டும் தூது ஆர்.என்.ஏ.வாக நகலெடுக்கப்பட்டு சைட்டோபிளாசத்துக்கு வருகிறது. இது படியெடுத்தல். அங்கே ரைபோசோம் அதை மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கிறது. ஒவ்வொரு மூன்றெழுத்தும் ஒரு கோடான். அதற்குரிய அமினோ அமிலத்தைக் கடத்து ஆர்.என்.ஏ. கொண்டுவர, அவை வரிசையாகக் கோக்கப்பட்டுப் புரதமாகின்றன. இது மொழிபெயர்த்தல். மொத்தம் 64 கோடான்கள். 61 கோடான்கள் 20 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, மற்ற மூன்றும் முற்றுப்புள்ளிகள். இக்குறியீட்டை விளக்கியதற்காக ஹர் கோவிந்த் கொரானா உள்ளிட்ட மூவர் 1968-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. ஆறாவது அமிலத்துக்குரிய ஜி.ஏ.ஜி. என்ற கோடான் ஜி.யு.ஜி. என மாறினால், குளுட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வாலின் அமர்கிறது. ஆக்சிஜன் குறையும்போது இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாகின்றன; இரத்தச் சிவப்பணு அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைக்கிறது. இதுவே கதிர் அரிவாள் இரத்த சோகை.

நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இம்மாற்றம் இருப்பது 1952-லேயே வெளியிடப்பட்டது. மலைப்பகுதிப் பள்ளியொன்றில் நான் பணியாற்றியபோது ஒரு மாணவி அடிக்கடி விடுப்பு எடுப்பாள். வந்தாலும் மேசையில் தலை சாய்த்துவிடுவாள். சோம்பல் என்று நானே கடிந்துகொண்டேன். ஒருநாள் அவளுடைய அம்மா மருத்துவமனை அட்டையை நீட்டி, "கை கால் வலி தாங்காம ராத்திரியெல்லாம் அழுவுறா சார்" என்றார். அந்த நோயைப் பலமுறை பாடமாக நடத்தியவன் நான். என் வகுப்பிலேயே அது இருந்ததை அறியவில்லை.

ஆகவே, பாடம் நடத்தும்போதே இவற்றையும் சொல்லுங்கள். இது தொற்றுநோய் அன்று. பெற்றோர் இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் நலமாகவே இருப்பர். இக்குழந்தைகள் நிறையத் தண்ணீர் குடிக்கவும், தேவைப்படும்போது கழிப்பறைக்குச் செல்லவும் தடை சொல்லாதீர்கள். குளிரிலும் கடும் வெயிலிலும் ஓடவிடாதீர்கள். காய்ச்சலோ கடும் வலியோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.