எந்த நாட்டுக்குப் போவது?

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதி. எரிபொருள் இன்மையால் மூடப்பட்டிருந்த பாடசாலைகள் மறுபடி திறந்த வாரம் அது. லுணுகலையிலே உயர்தர வகுப்பொன்றில் நாம் பாடத்தைத் தொடங்குமுன் மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், இந்த நாடு முழுசா விழுந்துட்டா எந்த நாட்டுக்குப் போறது நல்லது?" என்று கேட்டான்.

வகுப்பு கலகலத்தது. கனடா என்றான் ஒருவன். கத்தார் என்றான் மற்றொருவன். நியூசிலாந்து தனித்த தீவாகையால் உலகம் முழுவதும் குலைந்தாலும் அது பிழைக்கும் என்று வாதிட்டான் புவியியலில் நல்ல புள்ளி வாங்கும் ஒருவன். பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி மட்டும் மெல்லச் சொன்னாள்: "எங்க பாட்டிக்கிட்ட இதை ஒரு தரம் கேட்டாங்க சேர். ரெண்டே நாடுதான், ரெண்டுல ஒண்ணைச் சொல்லணுமாம்."

அன்று நாம் நடத்தவிருந்த பாடம் நடக்கவில்லை.

நாடு தேர்ந்தெடுத்தல் என்பது இன்றைய இளைஞர் கண்டுபிடித்த புதுமையன்று. நம் மலையகத்துக் குடும்பங்களுள் அதனைச் செய்து பார்க்காத குடும்பம் மிக அரிது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன்படி நாடற்றோர் 975,000 பேருள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்க வேண்டும். எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டது 1974 இலேதான். இந்தியா ஏழு பேரை அழைத்துக்கொண்டால் இலங்கை நால்வருக்குப் பிரசாவுரிமை தரும் என்பது கணக்கு. நெல்லைக்கூட இவ்வளவு திட்டமாக அளந்தார்களோ, அறியோம்!

பின்னர் விண்ணப்பம் கோரப்பட்டது. இலங்கையைக் கேட்டவர் தொகை ஒதுக்கிய இடங்களைவிட மிக அதிகம். இந்தியாவைக் கேட்டவர் தொகை ஒதுக்கியதைவிடக் குறைவு. மேலே இருந்தவர்கள் போட்ட கணக்கும் கீழே இருந்தவர்கள் மனமும் ஒன்றாக இருக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அந்த மாணவியின் பாட்டியாரைக் காண அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்றோம். பஸ் ஓடாத காலமாதலால் நடந்தே போனோம். எழுபதைக் கடந்த அம்மூதாட்டி லயத்துத் திண்ணையில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எங்களை யாரு மாஸ்டர் கேட்டா? ஆம்பளைங்க பேசுனாங்க. அக்கா வீட்டுக்காரரு அங்க காணி கெடைக்கும்னாரு, எழுதிக் குடுத்துட்டாரு. எங்க வீட்டுக்காரரு, அப்பன் ஆத்தாளைப் பொதைச்ச எடம் இதுதான், வரமாட்டேன்னுட்டாரு. அவ்வளவுதான். ஒரு வயித்துல பொறந்தவங்க ரெண்டு தேசமாயிட்டோம்" என்றார்.

அக்காளை வழியனுப்பப் பதுளைப் புகையிரத நிலையம்வரை போனாராம். பெட்டி, பாய், அம்மிக்கல் முதலாக மூட்டைகள்; ஒவ்வொரு யன்னலிலும் இரண்டு கைகள். அந்த வண்டிக்கு மலைநாட்டார் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அது தலைமன்னாரில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து 'இராமானுஜம்' கப்பல் இராமேசுவரத்துக்கு. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டபடியால் பழைய இறங்குதுறை இல்லை. பிறகு மண்டபம் முகாம்.

போனவர்கள் தேர்ந்தது சரியா, தங்கியவர்கள் தேர்ந்தது சரியா? இக்கேள்விக்கு ஆண்டுதோறும் வேறு வேறு விடை கிடைத்தது. 1973, 1974 இல் தோட்டங்களில் உணவுப் பஞ்சம் வந்து மரணம் மிகுந்தபோது போனவர்களே புத்திசாலிகள் என்றனர். அங்கிருந்து வந்த கடிதங்களோ வேறு கதை கூறின. சிலருக்குக் கூடலூர், கோத்தகிரி, வால்பாறைப் பக்கத்தில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. வேறு சிலர் கேரளத்திலும் கர்நாடகத்திலும் இறப்பர்த் தோட்டங்களுக்குப் போயினர். தொழில் தொடங்கக் கடன் வாங்கிக்கொண்டு முன்பின் கண்டிராத ஊர்களில் இறங்கியவர் பலர், வாங்கியதை இழந்து மலையோரங்களைத் தேடிச் சென்றனர். கொழுந்து பறித்த கைக்கு வெட்டவெளியில் என்ன தொழில்? ஊரார் அவர்களைச் 'சிலோன்காரர்' என்றனர். இங்கே இருந்தவரை 'இந்தியாக்காரர்' என்று அழைக்கப்பட்டவர்கள் அவர்கள்!

மூன்றாவது வழியும் ஒன்றிருந்தது. 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத்துக் குடும்பங்கள் பல, தமிழர் நடுவே வாழ்ந்தால் அச்சமில்லை என்று கருதி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்றன. காடு வெட்டிக் குடியேறின. 2009 வரை போர் எந்த மண்ணின்மேல் நடந்தது என்பதை நாம் எழுத வேண்டுமா? அன்று அவர்கள் செய்த தேர்வில் பிழை கூற நமக்கு மனமில்லை. கண்ணுக்குத் தெரிந்த நெருப்பிலிருந்து தப்புகிறவன் கண்ணுக்குத் தெரியாத நெருப்பைக் கணக்கிடுவது எங்ஙனம்?

எங்கும் போகாதவர்களையும் அந்நெருப்பு விட்டுவைக்கவில்லை. 1983 ஜூலை 27 ஆம் நாள் பதுளை நகரில் மூண்ட வன்முறை ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை எனப் பரவி, இரவுக்குள் லுணுகலையை எட்டியது. பாட்டியார் அவ்விரவைத் தேயிலைச் செடிகளுக்குள் கழித்தவர். "அன்னிக்கு ராத்திரி அக்காவை நெனைச்சேன். அவ புண்ணியவதின்னு நெனைச்சேன்" என்றார். அடுத்த ஆண்டே கப்பலும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போக முடியாமல் நின்றவர் பல்லாயிரவர். 1964 அக்டோபர் 30 தொட்டு இங்கே வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியாருக்கும் வழிகாட்டும் பிரசாவுரிமைச் சட்டம் 2003 இல் வந்தது.

பர்மாத் தமிழர் கதையும் இதற்கு உறவானதே. 1942 இல் யப்பானியப் படை வந்தபோது இந்தியர் இலட்சக்கணக்கில் காடும் மலையும் கடந்து அசாமுக்கு நடந்தனர். வழியில் மாண்டவர் ஏராளம். 1960 களில் இராணுவ ஆட்சி கடைகளை நாட்டுடைமையாக்கியபோது மறுபடி ஒரு வெளியேற்றம். சென்னைப் பர்மா பஜார் அப்படி வந்தவர்களுக்காக எழுந்ததே. தமிழகத்தில் மனம் பொருந்தாத சிலர் பர்மாவுக்கே திரும்பப் புறப்பட்டு, எல்லை கடக்க முடியாமல் மணிப்பூரின் மோரே நகரில் தங்கினர். கோயில் கட்டினர், தமிழ்ச் சங்கம் வைத்தனர். 2023 மே மாதத்தில் மணிப்பூரில் கிளம்பிய கலவரம் அந்த மோரேயையும் தாக்கியது.

இவற்றையெல்லாம் வகுப்பில் சொன்னபோது, கேள்வி கேட்ட மாணவன் விடவில்லை. "அப்ப போகவே கூடாதா சேர்?" என்றான். அப்படி நாம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம். 2022 இல் மட்டும் வெளிநாட்டு வேலைக்கெனப் பதிந்து சென்ற இலங்கையர் 3 இலட்சத்துக்கு மேல். கோதுமை மாவின் விலை பலமடங்கு ஏறியபோது, ரொட்டியை நம்பி வாழும் லயத்து வீட்டில் இருந்து பார்த்தவன் அவன். தந்தையின் நாட்கூலி எத்தனை இறாத்தல் மாவுக்குக் காணும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவன். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்துக் குடும்பங்கள் படகேறித் தனுஷ்கோடி மணல் திட்டில் இறங்கிய செய்தியை அவனும் படித்திருந்தான்.

எனவே வேறொன்று கேட்டோம்: "உன் பிறப்புச் சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறது?" மறுநாள் கொண்டுவந்தான். சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறோர் எழுத்து, தந்தையின் பெயரோ இரண்டிலும் வெவ்வேறு. தோட்டங்களில் இது வழக்கமான நோய். பதிவு செய்தவர் காதில் விழுந்தபடி எழுதுவார். எழுதியது என்ன மொழியோ, பெற்றவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். எந்த நாடு என்று தர்க்கிக்குமுன், இக்கட்டுரையைப் படிக்கும் தாய் தந்தையர் தம் பிள்ளைகளின் சான்றிதழ்களை இன்றே எடுத்துப் பார்ப்பார்களாக. திருத்தம் பெற மாதங்கள் செல்லும். ஆபத்துக் காலத்தில் மாதங்கள் கிடைப்பதில்லை. நாம் அறிந்தவரையில், நெருக்கடியிலே போக முடிந்தவர்கள் துணிச்சல் மிக்கவர்களல்லர்; கையிலே சரியான தாள் இருந்தவர்கள். அடுத்தது, சென்ற இடத்தில் யாராவது ஒருவர் இருத்தல். அதன்பின் கைத்தொழில், மொழி. நியூசிலாந்தின் கடலும் மலையும் இவற்றுக்குப் பின்னால் வருவன.

அம்மாணவன் பரீட்சையை எழுதிவிட்டே போவது என்று ஒப்புக்கொண்டான். அவன் தாயார் நம்மைப் பார்த்த பார்வையில் நன்றியைவிடக் கவலையே மிகுந்திருந்தது. மாதாமாதம் வரக்கூடிய பணத்தை இரண்டு வருடம் தள்ளிவைத்தவர்களல்லவா நாம்!

அண்மையில் பாட்டியாரை மீண்டும் கண்டோம். பேத்தி கைத்தொலைபேசியை நீட்டிப் பிடித்திருக்க, அதில் கூடலூர் அக்காளின் முகம். அரசுத் தேயிலை நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பித் தருவதெனத் தமிழ்நாடு அரசு 2022 இல் முடிவு செய்ததிலிருந்து, அந்த வீடு நிலைக்குமோ என்ற பயம் அங்கே.

"பேசாம இங்க வந்துருக்கா, ஒரு காம்பரா சும்மாதான் கெடக்குது" என்றார் தங்கை.

"அங்க அரிசி என்ன வெலைடி?" என்று கேட்டார் அக்காள்.

விலையைச் சொன்னதும் அந்தப் பக்கம் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "இங்க யானைதான்டி தொல்லை" என்று தொடங்கினார்.