விறகுத் தோட்டத்தின் வரவு செலவு

புனேயிலிருந்து சோலாப்பூர் செல்லும் சாலையில் உள்ள உருளிகாஞ்சன் கிராமத்தில், 1946-இல் காந்தியடிகள் தொடங்கிவைத்த இயற்கை மருத்துவ ஆசிரமத்தைப் பேணி வளர்த்த மணிபாய் தேசாய் 1967-இல் நிறுவிய பாய்ஃப் என்னும் ஸ்தாபனம், கால்நடை அபிவிருத்தியோடு நில்லாமல், ஹவாய்த் தீவின் கே-8 என்ற சூபாபுல் ரகத்தையும் எழுபதுகளில் விவசாயிகளிடையே பரப்பியது. நம் பக்கத்தில் சவுண்டல் என்று ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறோமே, அதே இனத்தில் ஓங்கி வளரும் ரகம் அது. தழை தீவனமாகும், கட்டை எரிபொருளாகும், வெட்டிய அடியிலிருந்து மறுபடியும் துளிர்க்கும்.

இத்தகைய தோட்டம் ஏக்கருக்கு எத்தனை டன் தரும் என்று முன்கூட்டி நிர்ணயிப்பதுதான் கஷ்டமான காரியம். மாதிரிக்குச் சில மரங்களை வெட்டி நிறுத்து, நெஞ்சளவு உயரத்தில் அளந்த சுற்றளவுக்கும் எடைக்கும் உள்ள சம்பந்தத்தைச் சூத்திரமாக்கி, நிற்கும் மரங்களின் எடையை அதனால் கணிக்கிறார்கள். எடை ஏறத்தாழச் சுற்றளவின் வர்க்கத்தை ஒட்டி ஏறுவதால், 30 சென்டிமீட்டர் சுற்றுள்ள மரத்தை, நாடா தொய்ந்ததனால் 33 என்று குறித்துவிட்டால், காகிதத்தில் 21 சதவீத விறகு கூடிவிடுகிறது!

பரிசோதனைப் பாத்தியும் ஏமாற்றக்கூடியதே. வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை நட்டால், நூறில் 36 மரங்கள் ஓரத்தில் நின்று, வெளிச்சத்தையும் வேருக்கு இடத்தையும் தாராளமாகப் பெற்றுக் கொழுக்கின்றன. அவற்றையும் சேர்த்துக் கண்ட சராசரியை, சஹ்யாத்ரியின் மழை மறைவில் கிடக்கும் மானாவாரி நிலத்துக்குப் பொருத்துவது விவசாயிக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். 1988-இல் இந்தியாவுக்கு வந்து சூபாபுலின் கொழுந்தை உறிஞ்சிய பூச்சியை எந்தச் சூத்திரமும் எதிர்பார்த்திருக்கவில்லை.

செலவோ முதலிலேயே வந்து நிற்கிறது. நடவுக்கு இட்ட 100 ரூபாய், 10 சதவீதக் கூட்டு வட்டியில், நான்காம் ஆண்டின் முடிவில் 146 ரூபாயாகிறது. வெட்டுக்கூலியும் லாரி வாடகையும் தனி. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீராகையால், வெட்டிய உடனே ஏற்றினால் பாதி வாடகை தண்ணீருக்கே போகும். மறுதாம்பு வெட்டில் நடவுச் செலவு இல்லாதது ஓர் ஆறுதல்.

ஆகவே மரப்பயிருக்கு ஒப்பந்தம் செய்ய எண்ணும் அன்பர்கள், பேசும் விலை பச்சை எடைக்கா, உலர்ந்த எடைக்கா என்பதையும், வெட்டுக்கூலி யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே கன்று நட வேண்டும்.