நாடாவில் தங்கிய குரல்

வாசலில் ஒருவர் ஸலாம் சொன்ன மாத்திரத்திலேயே, முகங் காணுமுன்பே, வந்தவர் இன்னாரென வீட்டார் அறிந்துகொள்கின்றனர். குரலை இவ்வாறு அடையாளங் காட்டுவன எவை? முதலாவது சுருதி. குரல்நாண்கள் ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கின்றனவோ, அந்தத் தொகையாகிய மீடிறனே சுருதியை நிர்ணயிக்கின்றது. இரண்டாவது தொனிநிறம். தொண்டையும் வாயும் அமைந்த வடிவத்தால் அது உண்டாகின்றது. மூன்றாவது பேச்சின் நடை. இம்மூன்றும் பொருந்தினாலன்றிக் குரல் அவருடையதாகாது.

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருவீதியில் அமைந்த அக்குறணை, வணிகத்தால் பெயர்பெற்ற ஊர். 1970களிலும் 1980களிலும் இலங்கையிலிருந்து பலர் வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றனர். அக்காலத்தில் கடிதத்தோடு கசெற் நாடாவும் தூது போயிற்று. அக்குறணை வீடொன்றில் அப்படியொரு நாடா இருப்பதாகக் கொள்க. பேசியவர் இன்று உயிரோடில்லை. பிள்ளைகள் அதனை ஒலிக்கச் செய்கின்றனர். சொற்கள் தெளிவாகவே கேட்கின்றன. ஆயினும், "இது வாப்பாவின் குரல் போல் இல்லையே!" என்கின்றனர்.

காரணம் எளியது. கசெற் நாடா ஒரு செக்கனில் 4.75 சென்ரிமீற்றர் ஓடவேண்டும். பதிவு செய்த கருவியின் பட்டி தளர்ந்து நாடா மெதுவாக ஓடியிருந்தால், சரியான வேகமுள்ள கருவியில் அது விரைந்து ஒலிக்கும். அப்பொழுது சுருதி உயரும், தொனிநிறமும் மாறும், பேச்சும் அவசரப்படும். வேகம் இரட்டித்தால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். அந்த ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபடிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு படியும் முந்தியதைவிட நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கு உயர்ந்ததாகும்.

இக்குறையைக் கணினியால் நீக்கலாம். 2000ஆம் ஆண்டில் வெளிவந்து இன்றும் இலவசமாகக் கிடைக்கும் ஒடாசிற்றி போன்ற ஒலித்தொகுப்பு மென்பொருள்களில் இதற்கென இரு கட்டளைகள் உள்ளன. ஒன்று வேகமாற்றம், மற்றது சுருதிமாற்றம். முன்னது நாடாவின் ஓட்டத்தையே மாற்றுவது போன்றது. பின்னது ஒலியை மிக நுண்ணிய துண்டுகளாக்கி, ஒன்றன்மேலொன்று படியவைத்து இணைத்து, காலவளவு மாறாமல் சுருதியை மட்டும் நகர்த்துகின்றது. இவ்வகைக் கணிப்புக்கு வழிகாட்டிய முறையொன்றை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஃபிளானகன், கோல்டன் ஆகியோர் 1966இல் வெளியிட்டனர்.

வாப்பாவின் நாடாவுக்கு ஏற்றது எது? பலரும் பெயரைப் பார்த்துச் சுருதிமாற்றத்தையே நாடுவர். அது தவறு. சுருதி இறங்கினாலும் பேச்சின் அவசரம் அப்படியே நிற்கும். பிழை வேகத்தில் நேர்ந்தது; ஆகவே மருந்தும் வேகத்துக்கே இடவேண்டும்.

எவ்வளவு குறைப்பது? மறைந்தவரின் குரலைக் காதின் நினைவால் அளப்பது உறுதியற்றது. மின்சாரத்தில் இயங்கிய கருவியாயின், நாடாவின் அடியில் மெல்லிய ரீங்காரம் ஒன்று பதிந்திருக்கக்கூடும். இலங்கையின் மின்னோட்டம் செக்கனுக்கு 50 சுற்றுக்கள் கொண்டது. எனவே அந்த ரீங்காரம் 50இலோ அதன் இரட்டியான 100இலோ நிற்கவேண்டும். மென்பொருளின் மீடிறன் வரைபில் அது 53 எனக் காணப்பட்டால், குரல் ஏறத்தாழ ஒரு படி உயர்ந்துள்ளது என்பது தெளிவு. வேகத்தை 53க்கு 50 என்ற விகிதத்தில் குறைத்தால், 28 நிமிடம் 18 செக்கனில் முடிந்த பேச்சு தனக்குரிய 30 நிமிடத்தைப் பெறும்.

இங்கு இரு எச்சரிக்கைகள் வேண்டும். நாடாவை ஒலிக்கச் செய்யும் கருவி தன் ரீங்காரத்தைச் சேர்த்துவிடாதிருக்க, அதனை மின்கலத்தில் இயக்குவது நன்று. அன்றியும், நாடா எங்கே பதிவானது என்பதை அறியவேண்டும். சவூதி அரேபியாவில் மின்னோட்டம் பெரும்பாலும் 60 சுற்றுக்கள் கொண்டது. அங்கே பதிவான நாடாவை 50க்கு இழுத்தால் குரல் மூன்று படிகளுக்கு மேல் தாழ்ந்து, அந்நியர் ஒருவரின் குரலாகிவிடும்.

சுருதிமாற்றத்துக்கும் உரிய இடமுண்டு. பாடசாலை மீலாத் விழாவுக்கு ஐந்து கட்டையில் அமைந்த பின்னணி இசை மாணவருக்கு எட்டவில்லையெனில், அதனை நான்கு கட்டைக்கு, அதாவது இரண்டு படிகள், இறக்கலாம். தாளமும் நேரமும் கெடமாட்டா. எல்லை மீறினாலோ செயற்கை வெளிப்பட்டுவிடும். மெதுவாக ஓடும் நாடாவில் பாடிப் பதிந்து, பின் வேகத்தை இரட்டித்து, அணிற்பிள்ளைகளின் குரலை உண்டாக்கிய வேடிக்கைப் பாடலொன்று 1958இல் அமெரிக்காவில் வெளிவந்தது. விளையாட்டுக்கு அது பொருந்தும், நினைவுக்குப் பொருந்தாது.

பிங்கா ஓயா பெருகும் காலங்களில் அக்குறணைக் கடைவீதிக்குள் வெள்ளம் புகுவதுண்டு. நனைந்த நாடாவை மீட்பது அரிது. ஆதலால் முதலில் நாடாவை உள்ளபடியே கணினியில் பிரதி செய்து, அப்பிரதியைத் தொடாமல் வைக்கவேண்டும். திருத்தங்களை வேறொரு பிரதியிற் செய்து, எந்த அளவு மாற்றப்பட்டதென்பதை எழுதிவைக்கவேண்டும். நாளை பேரப்பிள்ளைகள் அக்கணக்கு பிழையெனக் கண்டால், மூலத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம்.