கொடிகாமத்துச் சைக்கிளும் கைக்குள் வந்த வானிலையும்

கொடிகாமம் என்றதும் பலாப்பழத்தின் மணமும் மாம்பழத்தின் நிறமும் நினைவுக்கு வராத யாழ்ப்பாணத்தவர் அரியர். கண்டி வீதியிலிருந்து பருத்தித்துறை வீதி பிரிகின்ற இடத்தை அடுத்துள்ள சந்தைக்கு, வரணி, மிருசுவில், உசன், கச்சாய் முதலிய சுற்றூர்களிலிருந்து தேங்காயும் மாங்காயும் பலாவும் வந்து குவிகின்றன. லொறிகளும் முச்சக்கர வண்டிகளும் பெருகிவிட்ட இக்காலத்திலும், கரியரிற் சாக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு துவிச்சக்கர வண்டியில் வருவோரை அச்சந்தியிற் காணலாம். அதே வீதிகளில் புத்தகப் பையுடன் பள்ளிக்கும் தனியார் வகுப்புக்கும் செல்லும் மாணவ மாணவியர் வரிசையையும் காணலாம்.

யாழ்ப்பாணத்தாருக்கும் சைக்கிளுக்குமுள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. நிலம் தட்டையானது, மேடு பள்ளம் மிகக் குறைவு. ஆகவே சைக்கிள் இம்மண்ணிற்கென்றே செய்யப்பட்டது போல அமைந்துவிட்டது. 1990ஆம் ஆண்டின் பின் எரிபொருளுக்குத் தடையிருந்த காலத்தில் குடாநாட்டின் பாரமனைத்தையும் சுமந்தது சைக்கிளே. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக் கணக்கிற் கொட்டும் மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, முதியோரும் குழந்தைகளும் மூட்டை முடிச்சுகளும் சைக்கிள்களின்மேல் வந்ததை மறந்தவர் இலர். 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் பெற்றோலுக்கு நீண்ட வரிசைகள் நின்றபோதும், மூலையிற் சாத்தி வைத்திருந்த சைக்கிளைத் துடைத்து எடுத்தவர் பலர்.

சைக்கிளிற் செல்பவனுக்குக் கூரை இல்லை, கண்ணாடியும் இல்லை. வானத்துக்கும் அவனுக்குமிடையே தலையிலுள்ள தொப்பி ஒன்றுதான். ஆதலின் வானிலையை முன்கூட்டி அறிவது அவனுக்குப் பொழுதுபோக்கன்று, தேவை. அத்தேவையை நிறைவேற்றும் கருவி இன்று பெரும்பாலான வீடுகளிற் கைத்தொலைபேசி வடிவில் இருக்கின்றது. அதைப் பயன்படுத்தும் முறையை அறிந்துகொண்டால் நேரமும் உடல்வலிமையும் மிஞ்சும். சில வேளை உயிரும் காக்கப்படும்.

காற்று என்னும் ஏற்றம்

மலைநாட்டிற் சைக்கிள் ஓட்டுபவனுக்கு ஏற்றம் பகை. தட்டையான தென்மராட்சியில் ஏற்றத்தின் வேலையைச் செய்வது காற்று. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசுகின்றது. மாரி காலத்தில் வடகிழக்கிலிருந்து வாடை வருகின்றது. இவ்விரு காற்றுகளின் போக்கையும் கடற்றொழிலாளரும் பட்டம் விடும் சிறுவரும் நன்கு அறிவர். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று பெரும் பட்டங்கள் ஏறுவது வாடையின் துணையினாலன்றோ?

காற்றின் வலிமையை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஒருவர் செல்கிறார் எனக் கொள்வோம். எதிரே 20 கிலோமீற்றர் வேகத்திற் காற்று வீசினால் அவர் முகத்தில் மோதும் காற்றின் வேகம் 35 கிலோமீற்றர். காற்றின் தடையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. ஆகவே காற்றில்லாத நாளிற் சந்திக்கும் தடையைப்போல ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட தடையை அன்று அவர் சந்திக்கிறார்.

“போகும்போது எதிர்த்த காற்று வரும்போது உதவுமே, கணக்குச் சரியாகிவிடும்” என்று சிலர் எண்ணுவர். சரியாவதில்லை. 20 கிலோமீற்றர் தூரத்தை எதிர்காற்றில் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்திலும், திரும்பும்போது 20 கிலோமீற்றர் வேகத்திலும் கடந்தால் மொத்தம் 3 மணித்தியாலம் ஆகும். காற்றில்லாத நாளில் இரு வழியும் 15 கிலோமீற்றர் வேகத்திற் சென்றால் 2 மணித்தியாலமும் 40 நிமிடமுமே ஆகும். எதிர்காற்றில் அதிக நேரம் கழிகிறது. பின்காற்றின் உதவியோ விரைவில் முடிந்துவிடுகிறது. மாணவர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

இதிலிருந்து பயணிகள் கைக்கொள்ள வேண்டிய விதி ஒன்று பிறக்கின்றது: உடல் களைப்படையாத முற்பகுதியிற் காற்றை எதிர்த்துச் செல்க, களைத்துத் திரும்பும்போது காற்றைத் துணையாகக் கொள்க. கொடிகாமத்திலிருந்து பருத்தித்துறை வடக்கே உள்ளது, கச்சாய் தெற்கே, சாவகச்சேரி மேற்கே, பளையும் ஆனையிறவும் தென்கிழக்கே. ஆகவே ஆடி மாதச் சோளகத்தில் உலாப் போக விரும்புவோர் கச்சாய்ப் பக்கமோ சாவகச்சேரிப் பக்கமோ சென்றால் வீடு திரும்புதல் எளிது. தை மாத வாடையிற் பருத்தித்துறை நோக்கிச் செல்லலாம். இதையே மாற்றிச் செய்து, சோளகத்தில் வடக்கே பறந்து சென்றவர், வரணிக்கு அப்பால் மரமற்ற கடனீரேரி வெளியில் மாலையில் எதிர்காற்றோடு போராடித் திரும்ப நேரிடும்.

செயலியைப் படிக்கும் முறை

இன்று பலரும் பயன்படுத்தும் ‘விண்டி’ என்னும் செயலி 2014ஆம் ஆண்டில் செக் நாட்டில் உருவானது. வரைபடத்திற் கொடிகாமத்தின்மேல் விரலை அழுத்தினால் ஒவ்வொரு வேளைக்குமுரிய காற்று, மழை, வெப்பம் ஆகியவற்றை அது அட்டவணையாக விரிக்கின்றது. அதைப் படிப்போர் கவனிக்க வேண்டியவை சில உள.

முதலாவது, திசை. வடகிழக்குக் காற்று என்பது வடகிழக்கிலிருந்து வரும் காற்று. செயலியின் அம்புக்குறியோ காற்றுப் போகும் பக்கத்தைக் காட்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் திட்டம் முழுவதும் தலைகீழாகும்.

இரண்டாவது, அளவு. சில செயலிகள் வேகத்தை ‘நொட்’ என்னும் கடல் அளவிற் காட்டுகின்றன. ஒரு நொட் 1.852 கிலோமீற்றருக்குச் சமம். 12 நொட் என்பதைப் பார்த்து இளங்காற்றென்று எண்ணிவிடலாகாது. அது மணிக்கு 22 கிலோமீற்றர். புழுதியையும் காகிதத் துண்டுகளையும் கிளப்பும் காற்று அது. இதனுடன் திடீர் வீச்சின் வேகமும் தனியே காட்டப்படும். பாரம் ஏற்றிய சைக்கிளைப் பக்கத்தில் தள்ளி விழுத்துவது அந்த வீச்சே.

மூன்றாவது, மழை. ‘மழை 40 சதவீதம்’ என்றால் நாளின் 40 சதவீத நேரம் மழை பெய்யும் என்பது பொருளன்று. இன்றைய நிலையை ஒத்த பத்து நாட்களில் நான்கு நாட்கள் அவ்விடத்தில் மழை காணும் என்பதே பொருள். எவ்வளவு பெய்யும் என்பதை மில்லிமீற்றர் காட்டும். ஒரு மில்லிமீற்றர் மழை, ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர். மணிக்கு ஒரு மில்லிமீற்றர் தூறல் நனைக்கும், அவ்வளவே. பத்து மில்லிமீற்றர் பெய்தால் வீதியின் குழியும் கண்ணுக்குத் தெரியாது.

நான்காவது, நேரம். சோளகக் காலத்தில் விடியற்காலையில் அடங்கியிருக்கும் காற்று, வெயில் ஏற ஏற வலுப்பெறும். மணிவாரியான அட்டவணையில் இதைத் தெளிவாகக் காணலாம். காலை 6 மணிக்குப் புறப்படுபவரும் 10 மணிக்குப் புறப்படுபவரும் ஒரே வீதியில் இருவேறு பயணங்களைச் செய்கிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

கணக்கிட்ட வானம்

இவ்வளவு தகவலும் எங்கிருந்து வருகின்றது? 1861 ஆகஸ்டு 1ஆம் திகதி இங்கிலாந்தில் றொபேட் ஃபிற்ஸ்ரோய் என்பவர் ‘டைம்ஸ்’ பத்திரிகையிற் பொதுமக்களுக்கான முதலாவது வானிலை முன்னறிவிப்பை வெளியிட்டார். தந்தி மூலம் கிடைத்த செய்திகளும் அவரது கடல் அனுபவமுமே அதற்கு ஆதாரம். பின்னர் லூயிஸ் ஃபிறை றிச்சட்சன் என்னும் அறிஞர், வானிலையைச் சமன்பாடுகளாற் கணிக்கலாமெனக் கருதி, 1922ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்டார். ஆறு மணித்தியால வானிலையைக் கையாற் கணிக்க அவருக்குப் பல வாரங்கள் சென்றன. விடையும் பெரும் பிழையாகவே முடிந்தது. எனினும் வழி சரியானது. 1950ஆம் ஆண்டில் ‘எனியாக்’ என்ற கணினி அவ்வழியிலே முதல் வெற்றியைத் தந்தது.

இன்று அமெரிக்க நிலையமும் ஐரோப்பிய நிலையமும் உலகத்து வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கின்றன. ஐரோப்பியக் கணிப்பில் ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 9 கிலோமீற்றர். அமெரிக்கக் கணிப்பிற் சுமார் 13. கொடிகாமமும் வரணியும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடும். கோடையிடி மழையோ சந்தையில் ஊற்றிவிட்டு அடுத்த ஊரிற் புழுதியைக்கூட நனைக்காமற் போவது. அதைச் செயலி துல்லியமாகக் காட்டவில்லையென்று குறைகூறுவது நியாயமன்று.

மேலும், இக்கணிப்புகள் உலகப் பொது நேரத்தை ஒட்டி நாளொன்றுக்கு நான்கு முறை தொடங்குகின்றன. நமது கடிகாரத்தில் அவை காலை 5.30, முற்பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30. கணித்து முடிக்கப் பல மணித்தியாலம் செல்லும். எனவே விடியற்காலை ஐந்து மணிக்கு நாம் பார்க்கும் படம், முந்திய மாலை அல்லது இரவு எடுத்த அளவுகளின் விளைவு. அதனாற் புறப்படுமுன் றேடார் படத்தையும் ஒருமுறை பார்ப்பது நன்று. கடலுக்கு அப்பால், சுமார் 140 கிலோமீற்றர் தொலைவிற் காரைக்காலில் இந்திய வானிலைத் துறையின் றேடார் உள்ளது. அது இயங்கும் வேளைகளில், வடக்குக் கடலிலிருந்து நம்மை நோக்கி வரும் மழைத்திரளை இணையத்திற் காணலாம். தொலைவு காரணமாகத் தாழ்ந்த மேகங்களின் மழை அதற்கு அகப்படாமற் போவதும் உண்டு.

இடியும் வெயிலும்

நனைந்த சட்டை உலர்ந்துவிடும். மின்னல் அவ்வாறு விடாது. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவெம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமேகம் திரள்வது இலங்கையின் வழக்கம். அக்காலத்தில் திறந்த வெளியிற் செல்லும் சைக்கிள்காரனே அவ்வெளியின் மிக உயர்ந்த பொருளாகிவிடுகிறான். இடிமின்னல் வேளையில் சைக்கிள், உழவு இயந்திரம், படகு போன்ற திறந்த வாகனங்களைத் தவிர்க்குமாறு வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிப்பது இக்காரணத்தினாலேயே. மின்னலைக் கண்டபின் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுமுன் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. உடனே கட்டடமொன்றினுள் ஒதுங்குங்கள். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழியும்வரை வெளியேறாதீர்கள். பனைமரத்தடி அடைக்கலமாகாது, உயர்ந்து தனித்து நிற்பதால் மின்னல் முதலில் நாடுவது அதனையே.

ஏப்ரல் 5ஆம் திகதியளவிலிருந்து 15ஆம் திகதிவரை சூரியன் இலங்கைக்கு நேர்மேலே வருகின்றது. இறுதி நாட்களில் அது நமது குடாநாட்டின் உச்சியில் நிற்கும். அந்நாட்களில் வெப்பநிலையை மாத்திரம் பார்த்தல் போதாது. ஈரப்பதனையும் சேர்த்து உடல் உணரும் வெப்பத்தைக் காட்டும் எண்ணையும் பார்த்தல் வேண்டும். வியர்வை உலராத நாளில் உடல் குளிர்வதற்கு வழியில்லை. இத்தகைய நாட்களிற் பிள்ளைகளின் சைக்கிள் பயணம் காலை ஒன்பது மணிக்கு முன் முடிவது உத்தமம்.

செயலியை மாத்திரம் நம்பலாமா?

சாதாரண நாட்களில் நம்பலாம். அசாதாரண நாட்களில் அதை மாத்திரம் நம்புதல் ஆகாது. 1964 டிசெம்பரில் வட இலங்கையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த சூறாவளி, 2008 நவெம்பரின் நிஷா, 2024 நவெம்பரில் வடக்கை வெள்ளக்காடாக்கிய பெங்கால், 2025 நவெம்பர் 28ஆம் திகதி கரைதொட்டு நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்ட டித்வா ஆகிய யாவும் மாரியில் வந்தவை. வங்கக் கடலில் தாழமுக்கம் என்ற சொல் காதில் விழுந்தால், மும்மொழியிலும் அறிக்கை வெளியிடும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் சொல்லையே முதலிற் கேட்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கம் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா அவர்கள் தமிழில் வெளியிடும் வானிலைக் குறிப்புகளும் வடபகுதி மக்களுக்குப் பேருதவியாக உள்ளன.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வகுப்புத் தவறினாற் பாடத்தைப் பிறகு படிக்கலாம். கருமேகத்தின் கீழ், மரமற்ற வெளியைக் கடக்குமாறு பிள்ளையை அனுப்பிவிட்டு அந்த அரை மணித்தியாலத்தை மீட்டுக்கொள்ள முடியாது. செயலி சிவப்புக் காட்டும் நாளில் “இன்று போகவேண்டாம்” என்று சொல்ல வீட்டிலுள்ள பெரியவர்கள் தயங்கலாகாது. ஆசிரியர்களும் அன்று வராத பிள்ளையைக் கடிந்துகொள்ளலாகாது.

தும்பி தாழப் பறப்பதையும், எறும்பு முட்டை சுமந்து செல்வதையும், காற்றின் மணம் மாறுவதையும் நம் முன்னோர் கவனித்தனர். அந்த அறிவைக் கைவிடச் சொல்பவர் எவருமிலர். கைத்தொலைபேசி நாளைய வானத்தைச் சொல்லும். கண்ணும் காதும் இந்த நிமிடத்து வானத்தைச் சொல்லும். முன்னிரவிற் செயலியைப் பார்த்துத் திசையையும் நேரத்தையும் தீர்மானித்து, விடியலில் முற்றத்தில் நின்று கிழக்கையும் மேற்கையும் ஒருமுறை நோக்கி, சில்லுக்குக் காற்றடித்து, தண்ணீர்ப் போத்தலுடன் புறப்படுபவருக்குக் கொடிகாமத்து வீதிகள் எத்திசையிலும் இன்பமான வீதிகளே.