தண்ணியில போனா தண்ணிப் பாம்பா? விஷப் பாம்பை அடையாளம் காண்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் திண்டுக்கல் சமவெளியில் குளங்களும் வாய்க்கால்களும் நிரம்பும். குடகனாற்றங்கரையோ நிலக்கோட்டைப் பக்கத்து வயலோ, தண்ணீர் சேர்ந்த இடத்துக்குத் தவளை வரும். தவளையைத் தேடிப் பாம்பு வரும்.

அப்போது மக்கள் இரண்டு தவறுகளைச் செய்கிறார்கள். ஒன்று, விஷமில்லாத தண்ணீர்ப் பாம்பை 'நல்ல பாம்பு' என நினைத்து அடித்துக் கொல்வது. இன்னொன்று, கடித்தது எது என்றே பார்க்காமல் "தண்ணிப் பாம்புதான், ஒண்ணும் ஆகாது" என்று வீட்டிலேயே இருந்துவிடுவது. இரண்டாவது தவறு உயிரையே பறித்துவிடும்.

தண்ணீர்ப் பாம்பு எப்படி இருக்கும்?

நம்ம ஊர்க் குளங்களில் அதிகம் தென்படுவது நீர்க்கோலி எனப்படும் தண்ணீர்ப் பாம்பு. உடம்பில் சதுரங்கப் பலகை போலக் கறுப்புக் கட்டங்கள் இருக்கும். செதில்கள் சொரசொரப்பானவை. கண்ணுக்குக் கீழே ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு கறுப்புக் கோடுகள் சாய்வாக வாயை நோக்கி இறங்கும். வயிறு வெளிறி இருக்கும். மீனும் தவளையும்தான் இதன் உணவு.

விஷம் இல்லை என்றாலும் இது சாதுவான பாம்பு அல்ல. பிடித்தால் சட்டெனக் கடிக்கும், ரத்தமும் வரும்.

நல்ல பாம்போடு குழப்பம் ஏன்?

பயந்தால் தண்ணீர்ப் பாம்பும் தலையைத் தூக்கி, கழுத்தைத் தட்டையாக்கிக் காட்டும். அதைப் பார்த்து 'படம் எடுக்குது' என்று பலரும் பதறிவிடுகிறார்கள். ஆனால் நல்ல பாம்பின் படம் நன்றாக அகன்று விரியும். படத்தின் பின்பக்கம் பெரும்பாலும் மூக்குக்கண்ணாடி போன்ற குறி இருக்கும். முன்பக்கம் கழுத்துக்குக் கீழே கறுப்புப் பட்டைகள் தெரியும். செதில்கள் வழவழப்பாக இருக்கும்.

மற்ற விஷப் பாம்புகள்?

கண்ணாடி விரியன்: தடித்த உடம்பு, குட்டை வால். முதுகில் சங்கிலி கோத்தது போல மூன்று வரிசைகளில் முட்டை வடிவப் புள்ளிகள். குக்கர் ஆவி விடுவது போலச் சீறும்.

கட்டுவிரியன்: பளபளக்கும் கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள், பெரும்பாலும் ஜோடி ஜோடியாக. இரவில்தான் நடமாட்டம். கடித்தது வலிக்காமலே போகலாம்.

சுருட்டை விரியன்: சிறிய பாம்பு. வறண்ட, கல் நிறைந்த நிலங்களில் அதிகம்.

எதை நம்பக்கூடாது?

'தண்ணியில நீந்தினா தண்ணிப் பாம்பு' என்பது தவறு. நல்ல பாம்பும் விரியனும்கூட நீந்தும். 'முக்கோணத் தலை இருந்தால்தான் விஷம்' என்பதும் தவறு. நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் தலை முக்கோணமாக இருக்காது. கடித்த இடத்தில் இரண்டு பல் தடம் இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்வதும் ஆபத்து.

கடித்துவிட்டால்?

எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் சிகிச்சை உண்டு. இந்தியாவில் தரப்படும் விஷமுறிவு மருந்து, மேலே சொன்ன நான்கு விஷப் பாம்புகளுக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. அதற்கான விஷத்தை, 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரம் அருகே இருந்து வழங்கி வருகிறது.

விஷம் ஏறியதற்கான அறிகுறிகள் தெரிந்தால் மட்டுமே மருத்துவர்கள் இந்த மருந்தைச் செலுத்துவார்கள். விரியன் கடியில் ரத்தம் உறையாமல் போகும் என்பதால், கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்ப்பார்கள். கட்டுவிரியன் கடித்தால் கண் இமை தானாகச் சொருகும், மூச்சு திணறும். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் கண்காணிப்பில் வைப்பது வழக்கம். எனவே பாம்பைத் துரத்திப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை: மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து, உடனே 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

செய்யக்கூடாதவை: கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். பச்சிலை, மந்திரம் என்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர். பாம்புக்கடியை, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அறிவித்தது.

பாம்பின் அடையாளங்களைத் தெரிந்துகொள்வது, குளத்தில் போகும் அப்பாவிப் பாம்பை அடிக்காமல் விடுவதற்கு உதவும். கடித்த பிறகு மருத்துவமனைக்குப் போகலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்க அது உதவாது. கடித்தது தண்ணிப் பாம்பே என்றாலும், அதை மருத்துவரே சொல்லட்டும்.