வெளிச்சத்தைச் சாப்பிடும் பவளம்

விளக்கு எதற்கு என்று கேட்டால், இருட்டை விரட்ட என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்க்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். "சோறு போட!" என்பார்.

வேடிக்கையல்ல. பவளம் கல்லுமல்ல, செடியுமல்ல. அது ஒரு பிராணி. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தைக் கொண்டு அவை உணவு சமைத்து, பெரும் பங்கை வீட்டுக்காரருக்கே கொடுத்துவிடுகின்றன. குடியிருப்பதற்கு வாடகை! வெளிச்சம் போதாவிட்டால் பவளம் பட்டினியால் மெலியும். திடீரென்று மிஞ்சினாலோ பாசியை வெளியே துரத்திவிட்டு வெளுத்துப் போகும்.

ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங், தொட்டியில் பவளம் வளர்க்கும் தம் முறையை 1961-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். வெப்ப நாட்டு வெயில் அவருக்கு இலவசம். மேகம் மூடிய ஜெர்மனி போன்ற தேசங்களில் அந்த வெயிலை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. கை கொடுத்தது டியூப் லைட்!

எந்தக் குழல்?

கடைக்காரர் 'டி-8', 'டி-5' என்பார். மிரள வேண்டாம். குழலின் குறுக்களவை ஓர் அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்று சொல்லும் கணக்கு அது. டி-8 என்றால் ஓர் அங்குலம். டி-5 அதைவிட ஒல்லி. பவளத்துக்கு ஏற்றது ஒல்லிக் குழல்தான். அதிலும் அதிக ஒளி தரும் ரகம் உண்டு; ஏறக்குறைய நாலடி நீளத்துக்கு 54 வாட்.

அடுத்தது நிறம். சிவப்பு ஒளியின் பெரும் பகுதியைக் கடல் முதல் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடும். நீலமே ஆழத்துக்கு இறங்கும். ஆகவே வெள்ளைக் குழலோடு நீலக் குழலையும் சேர்த்துப் பொருத்துவார்கள்.

எத்தனை குழல் என்பதோடு, ஒவ்வொன்றின் மேலும் தனித் தனியாக வளைந்த பளபளப்புத் தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் பாதி வெளிச்சம் கூரைக்குத்தான் போகும். உப்பு நீர் தெறிக்கும் இடமாகையால் குழலின் முனைகளுக்கு ஈரம் புகாத உறையும் அவசியம்.

குழல் எரிந்துகொண்டே இருக்கும். ஆனால் அதன் சத்துக் குறைந்துகொண்டே வரும். கண்ணுக்கு அது தெரியாது, பவளத்துக்குத் தெரியும்! அதனால் பலர் ஆண்டுக்கொரு முறை மாற்றுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் ஆபத்து; ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

வாங்குமுன் ஒரு கேள்வி

மாற்றுக் குழல் கிடைக்குமா? டியூப் லைட்டுக்குள் பாதரசம் இருப்பதால், பொது உபயோகக் குழல்களை 2027-க்குள் கைவிடுவதென 2023-இல் ஜெனிவாவில் கூடிய சர்வதேச மாநாடு முடிவு செய்தது. பவளத்துக்கென்றே செய்யும் குழல்கள் வேறு ரகம்தான். என்றாலும் விசாரித்துக்கொள்வது புத்திசாலித்தனம். பலர் எல்.இ.டி. பக்கம் போய்விட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு மன்னார் வளைகுடாப் பக்கம் யாரும் வாளியோடு கிளம்பிவிட வேண்டாம்! பாறை கட்டும் பவளங்களுக்கு 2001 முதல் நம் நாட்டுச் சட்டம் புலிக்குச் சமமான பாதுகாப்பு அளித்திருக்கிறது. கடலிலிருந்து எடுப்பது குற்றம். அங்கே சூரியனே சோறு போடுகிறான். நாம் சும்மா இருந்தால் போதும்.